தறி ஓடும் தெரு

மோகன்ராஜின் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியை ஷோபா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் விபூதி பூச வந்தவர், அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். காலையில் இட்லியைத் தின்றுவிட்டு, "வேதாச்சலம் தறியில நூலு அறுந்துக்கினே கீது, பாத்துட்டு வந்துர்றேன்" என்று போன புருஷன். ஒன்பது மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பத்திரண்டு வயது. தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. வேறு யார் வீட்டிலோ நடந்ததுபோல இருந்தது அவளுக்கு, அழுகை வரவில்லை.

தெருவே ஊமையாகியிருந்தது. ஆந்திர எல்லையோர நகரியில் ஒரு தெருவில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கிறவரை அங்கே விசைத்தறி ஓடாது. கல்யாணமாகி வந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் மற்ற வீட்டுச் சாவுகளில் அவள் கேட்டிருந்த அமைதிதான். இன்று பயமாக இருந்தது.

நூல் விலை ஏறி, பக்கத்துத் தெருக்களில் தறிகளை உடைத்து இரும்புக்கு எடை போட்டுவிட்டு, ஆட்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த வருஷம் அது. தனித்தனியாக நின்றால் ஒருவரும் பிழைக்க மாட்டோம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசி, இந்தத் தெருவின் நாலு தறி ஷெட்டையும் ஒன்றாகச் சேர்த்தவன் மோகன்ராஜ்தான். தனக்கு ஜென்மப் பகையாக இருந்த வேதாச்சலத்தைக்கூடச் சேர்க்காமல் விடவில்லை. நூலைச் சேர்ந்து வாங்கினார்கள். சேர்ந்தே திருப்பதியில் ஒரு கடையிடம் பாவாடைத் துணிக்கு ஆர்டர் பிடித்தார்கள். அதற்கு இன்று ஆறு மணிக்கு லாரி வரும். தவறினால் கடைக்காரர் ஈரோட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் நாலு ஷெட்டும் எடைக்குத்தான்.

இது எல்லாருக்கும் தெரியும். வேதாச்சலம் வாசற்படியில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷோபா எழுந்து அவரிடம் போனாள்.

"அண்ணா, எங்க பங்கு துணி பீசு நேத்தே முடிஞ்சிச்சு. உங்க மூணு பேருது இன்னா ஆவறது?"

"அத்த வுடும்மா இப்போ."

"லாரி வந்துரும்ணா. போய் தறிய ஓட்டுங்க."

கூடத்தில் மாமியார் ரத்தினம்மா தலையை நிமிர்த்தினாள். "இன்னாடி சொல்ற? எம்புள்ள கெடக்க சொல்ல ஓட்டறதா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும் அத்தை. அவுரு சேத்தது அவுரோட போவணுமா?"

வேதாச்சலத்தின் முகம் கோணியது. "என் ஷெட்டுலதாம்மா வுழுந்தான். அதே தறிய நான் எப்படித் தொடுவேன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

பதினோரு மணிக்கு முதல் ஷெட் ஓடியது. பிறகு அடுத்தது. தெருக்கோடியில் இருந்த வேதாச்சலத்தின் ஷெட் கடைசியாக ஓடியது. ரத்தினம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பாடை கிளம்பியது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். கூட்டம் மறைத்ததில் ஷோபாவுக்கு எதுவும் தெரியவில்லை. முதல் ஷெட்டின் சத்தம் நின்றது. பாடை தாண்டியதும் மறுபடி ஓடியது. இரண்டாவது நின்றது, ஓடியது. சத்தத்தை வைத்தே அவன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

வேதாச்சலத்தின் ஷெட் நின்றது. நின்றபடியே இருந்தது. ஷோபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தறி ஓட வேண்டும் என்றும் இருந்தது, ஓடவே கூடாது என்றும் இருந்தது.

பிறகு அதுவும் ஓடத் தொடங்கியது.