ஹஃபீலா வீட்டின் இரண்டாவது மணிக்கூடு

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுதான் என் வீட்டுக்கு வந்தது. கரைத்தீவில் எங்கள் அடுத்த வீட்டு ஹஃபீலா வியாழக்கிழமை வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராத்தா, நீங்க கதை எழுதுற ஆள்தானே. இவர் ரெண்டு வழி சொல்றார். ரெண்டையும் முடிவு மட்டும் எழுதிக் காட்டுங்க. எது நல்லா இருக்கோ அதைச் செய்யச் சொல்லப் போறன். ஞாயிறு கொம்பனிக்குப் பதில் குடுக்கணுமாம்."

'இவர்' என்பது கணவன் றிம்ஸான். டோஹாவில் வேலை. இன்னும் அங்கே இருப்பதா, ஊருக்கு வந்துவிடுவதா என்பதுதான் கொம்பனியின் கேள்வி.

கதை எழுதுகிறவள் குறியும் சொல்வாள் என்று யார் இவளிடம் சொன்னது?

2.

முதல் வழி குறியீட்டு நிதி. அமெரிக்காவின் பெரிய கொம்பனிகள் ஐந்நூறிலும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு. சேர்த்த காசைப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். வளரும், ஆனால் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வளரும். அதுவரை றிம்ஸான் டோஹாவில்.

இரண்டாவது, ஒப்ஷன் விற்பது. அதாவது ஒரு உரிமையை எதிர்காலத்தில்... (இந்த வசனத்தை வெட்டி வெட்டி அலுத்துவிட்டது. உப்பளத்தை வைத்துச் சொல்கிறேன்.) "விலை எவ்வளவு விழுந்தாலும் உன் உப்பை இன்ன விலைக்கு நான் வாங்குவேன்" என்று உப்பளக்காரருக்கு வாக்குக் கொடுத்து, அந்த வாக்குக்குக் கூலி வாங்குகிறீர்கள். விலை விழாவிட்டால் கூலி லாபம். விழுந்தால் உப்பு முழுவதும் உங்கள் தலையில். றிம்ஸான் பங்குகளுக்கு இப்படி வாக்கு விற்கிறான். கிழமைக்குக் கிழமை காசு வரும், அதை நம்பி ஊருக்கு வந்துவிடலாம் என்கிறான்.

(மார்க்கத்தில் இது கூடுமா, கூடாதா என்று என்னிடம் கேட்காதீர்கள். வாக்கை விற்பதற்கு ஒரு மௌலவி முகம் சுளித்தார். நிதிக்குள் வட்டி வங்கிகளும் இருக்கின்றனவே என்றார் இன்னொருவர்.)

3.

முடிவு அ: காசு நிதியில். வருடங்கள் போகின்றன. மகள் றஹ்மா உம்மாவை விட உயர்ந்துவிட்டாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நரைத்த தாடியோடு ஒருவர் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஹஃபீலா கையசைக்கிறாள். அவர்

[நிறுத்திவிட்டேன். அவளை அடையாளம் காண அவர் கொஞ்சம் பிந்தினார் என்று எழுத வந்தது. எனக்கே பொறுக்கவில்லை.]

4.

முடிவு ஆ: இதற்குக் கற்பனை தேவையில்லை. போன நோன்புப் பெருநாள் லீவில் நடந்ததை எழுதினால் போதும்.

வளைகுடாவுக்குப் போனவர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள், சுவரில் இரண்டு மணிக்கூடு. ஒன்று நம் நேரம், மற்றது அவர் இருக்கும் ஊரின் நேரம். வேலை முடிந்திருப்பாரா என்று அதைப் பார்த்துத்தான் ஹஃபீலா கோல் எடுப்பாள். லீவில் வந்த றிம்ஸான் டோஹா மணிக்கூட்டை நியூயோர்க் நேரத்துக்குத் திருப்பி வைத்தான். அங்கே சந்தை திறக்கும்போது இங்கே இரவு இஷாத் தொழுகைக்கு நெருங்கிவிடும்.

அந்தக் கிழமை சந்தை சரிந்தது. மாதக்கணக்காகச் சேர்த்த கூலி இரண்டே நாளில் போனது. றஹ்மா பெருநாள் சட்டையை மறுபடியும் போட்டுக்கொண்டு வாப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க மகள்" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல். குசினிக்குள் சமைத்துக்கொண்டே ஹஃபீலா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5.

நேற்று இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ஹஃபீலா முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"ராத்தா, ரெண்டுலயும் நான் அவரையே பாத்துக்கிட்டுத்தானே இருக்கன்? ஒண்டுல எயார்போட்டுல. மத்ததுல என்ட குசினிக்குள்ள."

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

"அப்ப மூண்டாவதா என்ன எழுத?"

"காசு சும்மா நிதியில கிடக்கட்டும். அவர் வரட்டும்."

"வந்து? சாப்பாட்டுக்கு?"

"அதைத்தானே உங்கள்ட்ட கேக்கிறன்."

பையிலிருந்து அந்த மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தாள். றிம்ஸான் திரும்பிப் போன அன்றே பற்றரியைக் கழற்றிவிட்டாளாம். "எந்த நேரம் வைக்கிற எண்டு நீங்களே வெச்சுத் தாங்க."

முடிவு இ: றிம்ஸான் வருகிறான். வந்து, ஊரில்

இதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. இன்று ஞாயிறு. பகல் லுஹர் தொழுதுவிட்டு மணிக்கூட்டை எடுக்க வருவாள். பற்றரியைப் போட்டுவிட்டேன், முள்ளைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை. நீங்கள் திருப்புங்கள். டோஹாவுக்கோ நியூயோர்க்குக்கோ திருப்புமுன், அவள் யாரையும் பார்த்துக்கொண்டிருக்காத ஒரு நேரம் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.