மாப்பிள்ளை கேட்ட கேள்வி

அழகம்மை ஆச்சி ஒன்பது வருஷமாக மருமகன் வீட்டில் இருந்தாள். அந்த ஒன்பது வருஷத்தில் மருமகனோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மாமியார் மாப்பிள்ளை முன்னால் நிற்பதும் பேசுவதும் மரியாதை இல்லை என்று அவளை வளர்த்திருந்தார்கள், அவ்வளவுதான். மருமகன் சொக்கப்பன் கூடத்துக்கு வந்தால் ஆச்சி அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் அடுப்படிக்கு வந்தால் அவள் கிணற்றடிக்குப் போவாள். அவர்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய காஜா பேராங்கில் அந்த வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அதற்குள் ஒன்பது வருஷத்தை ஓட்டியதே பெரிய சாமர்த்தியம்.

பேச வேண்டியது ஏதாவது இருந்தால் நடுவில் அன்னம் இருந்தாள், ஆச்சியின் ஒரே மகள். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து இவள் சொல்வாள். "போதும்னு சொல்லு" என்று அங்கிருந்து அவன் சொல்வான். இரண்டு பேச்சும் இரண்டு பேர் காதிலும் விழும். ஆனாலும் அன்னம் தபால்காரரைப் போல ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து மற்றொன்றை வாங்கி வந்தால்தான் பேசியதாக அர்த்தம்.

தோசை வரைக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வரவில்லை. நோய் வந்தபோதுதான் வினை வந்தது.

சொக்கப்பன் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவான், ஊசி போடுவான், வார்டு வார்டாக மருந்து கொண்டுபோவான், ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கும் தமிழ் தெரியாத டாக்டருக்கும் நடுவில் நின்று பேசுவான். அப்படிப்பட்டவன் வீட்டில் இருந்துகொண்டே ஆச்சியின் நோய் முற்றிப்போனது. மார்பில் கட்டியாகத் தொடங்கியது, வெளியே தெரிந்தபோது முதுகெலும்பில் இருந்தது. இனி வெட்டிப் பிரயோஜனம் இல்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டாக்டர் மார்பியா மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார்.

கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. ஆனால் முதல் வேளை குடித்து ஒரு மணி நேரத்துக்குள் முதுகில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அணைந்தது. பல மாதத்துக்குப் பிறகு ஆச்சி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள். எழுந்ததும் மருமகனைப் பெற்ற மகராசியை மனசார வாழ்த்தினாள், வாயைத் திறக்காமல்தான்.

அந்த மருந்தோடு இன்னொரு பாட்டிலும் வந்தது. தண்ணீர் போலத் தெளிந்த, வாசனை இல்லாத எண்ணெய். மிக்ஸ்சர் வலியை அடக்கும், கூடவே குடலையும் கட்டிப்போட்டுவிடும், அதற்குத்தான் இது என்று சொக்கப்பன் அன்னத்துக்கு விளக்கினான். இரண்டு நாள் மலம் போகாவிட்டால் இரண்டு கரண்டி கொடுக்க வேண்டும். போயிற்றா இல்லையா என்று தினமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் காலை அவன் மேஜையில் பசியாறிக்கொண்டிருந்தான். அன்னம் அவன் பக்கத்தில் நின்றபடியே உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆத்தா, வயிறு நல்லாப் போகுதான்னு அவுக கேக்கச் சொல்றாக."

ஆச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு நாளாக ஒன்றும் போகவில்லை. மேஜையில் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். இட்லி தின்றுகொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு இதையா ஒருத்தி சுவர் தாண்டிச் சொல்லி அனுப்புவாள்?

"அதெல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்லு" என்றாள்.

டாக்டருக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த நோட்டில் சொக்கப்பன் அதை எழுதிக்கொண்டான். மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. நேற்று நல்லாப் போன வயிறு இன்றைக்கு எப்படிப் போகாமல் இருக்கும்? ஆச்சி மறுபடியும் நல்லாப் போகுது என்றாள். அதற்கு அடுத்த நாள் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் இப்போது கூச்சம் இரண்டாகிவிட்டது. போகவில்லை என்பது ஒன்று, பொய் சொன்னோம் என்பது இன்னொன்று. ஒன்றையே சொல்ல முடியாதவள் இரண்டை எப்படிச் சொல்வாள்.

எண்ணெய் பாட்டில் அலமாரியில் கழுத்துவரை நிறைந்து நின்றது. தொட்டால் குறையும், குறைந்தால் டிரஸ்ஸர் கண்ணுக்குத் தப்பாது. எனவே மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஆச்சி திருட்டு வைத்தியம் பார்த்தாள். அன்னம் கடைக்குப் போன நேரத்தில் மூன்று மடக்கு விளக்கெண்ணெய் குடித்தாள். குடலை முறுக்கிப் பிழிந்ததில் கண்ணில் நீர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. பக்கத்துக் கிராமமான கம்போங் செட்டியிலிருந்து வந்த பப்பாளியை முழுசாகத் தின்றாள். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிய பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடிக்கு அப்பால் இருந்த கக்கூசுக்குப் போய் உட்கார்ந்து முக்கி முக்கிப் பார்த்தாள். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

எட்டாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கட்டிப்போடுவது அந்தக் கசப்பு மருந்து என்றால் அதைக் குடிக்காமல் இருந்துவிட்டால் என்ன? அன்னம் முகத்தைத் திருப்பியதும் மருந்தைப் படிக்கத்தில் துப்பினாள். வயிறு அசையவில்லை. வலி மட்டும் எங்கும் போகாமல் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தது போல வந்து அமர்ந்தது. மறுநாள் மத்தியானம் அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மருந்தின் அளவு போதவில்லை என்று நினைத்தான் சொக்கப்பன். வேறு என்ன நினைப்பான்? டாக்டரைக் கேட்டு அளவைக் கூட்டினான். இந்தத் தடவை அன்னம் ஆத்தாவின் தாடையைப் பிடித்து, விழுங்கும்வரை விடவில்லை. வலி போயிற்று. குடல் இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டது. காலையில் கேள்வி வந்தது. நல்லாப் போகுது என்று பதிலும் போயிற்று.

பதினாலாம் நாள் குடித்த தண்ணீர் தங்காமல் வாந்தியாக வந்தது. வயிறு மத்தளம் போல விறைத்துக்கொண்டது. ஊரெல்லாம் மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கட்டிய தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. ஆம்புலன்ஸ் அவற்றின் அடியிலேயே ஆச்சியைத் தூக்கிக்கொண்டு போனது.

டாக்டர் வயதான வெள்ளைக்காரர், ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பின்பக்கமும் சோதிக்க வேண்டும் என்று நர்ஸை விட்டுக் கேட்டபோது ஆச்சி சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கெஞ்சியும் பார்த்தார்கள், அதட்டியும் பார்த்தார்கள். கடைசியில் அவர் சொக்கப்பனின் நோட்டை வாங்கிப் புரட்டினார். முத்து முத்தான எழுத்தில், தேதிவாரியாக, தினமும் போயிற்று என்று இருந்தது. நோட்டை மூடிவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

சொக்கப்பன் கட்டிலின் கால்மாட்டில் நின்று அன்னத்திடம் தமிழில் சொன்னான். "நேத்துவரை நல்லாப் போனவுகளுக்கு இன்னிக்கு இப்படின்னா, கட்டி வயித்துல வந்து குடலை அடைச்சிருக்குமாம். திறந்து பார்த்துத்தான் ஆகணும்ங்கறார். இந்த உடம்பு தாங்குமான்னு தெரியாதாம்."

அன்னம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். வீட்டு ஆம்பிளை என்று சொக்கப்பன்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

சாவைப் பற்றி ஆச்சி பெரிதாகக் கவலைப்படவில்லை. அது எப்படியும் வரத்தான் போகிறது. ஆனால் இவன் எதன் மேல் கையெழுத்துப் போடப்போகிறான் என்று அவளுக்குத்தான் தெரியும். வயிற்றைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். அவள் பிழைக்காவிட்டால், தன் கையெழுத்தால் மாமியாரைக் கொன்றோம் என்று சாகும்வரை அவன் நெஞ்சு அறுத்துக்கொண்டே இருக்கும். சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள். தமிழில் வார்த்தை வரவில்லை. தமிழில் அதற்கு இருந்த ஒவ்வொரு சொல்லும், மாப்பிள்ளை இரண்டு முழம் தள்ளி நிற்கும்போது, தொண்டைக்குள்ளேயே சுருண்டுகொண்டது.

ஆனால் அவளுக்கு முப்பது வருஷத்துப் பாசார் மலாய் தெரியும். மீன் வாங்கியதும் விறகு வாங்கியதும் வண்டிக்காரனோடு சண்டை போட்டதும் அதில்தான். அந்தப் பாஷையில் அவளை யாரும் வெட்கப்படச் சொல்லி வளர்க்கவில்லை.

"துவான் டாக்டர்" என்றாள். "ஜாங்ஙான் போத்தோங். சாயா போஹோங்."

வெட்டாதீங்க, நான் பொய் சொன்னேன். பேனா நின்றது. ஆச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு, அதே மீன்கடை மலாயில், பத்து விரலையும் விரித்துக் காட்டி, பிறகு நாலு விரலைக் காட்டி, இத்தனை நாளாக வயிறு போகவே இல்லை என்று சொல்லி முடித்தாள்.

இந்த நாட்டில் பாதி ஆயுளைக் கழித்த டாக்டருக்கு ஒரு சொல் பாக்கியில்லாமல் விளங்கியது. அவர் சொக்கப்பன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் திட்டு விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு? நர்ஸும் மற்றக் கட்டில்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சொக்கப்பன் முகத்தில் ஈ ஆடவில்லை. அவன் ஆச்சியைக் கைகாட்டியிருக்கலாம், இவுகதான் தினமும் போச்சுன்னாக என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை பேசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த இரண்டு வார்த்தை என்னவென்று அன்னம் பிற்பாடு சொன்னாள். தினமும் வார்டில் நாற்பது பேரைக் கேட்கிறாயே, இந்த அம்மாளை ஒருநாளாவது நீ நேரில் கேட்டாயா என்றாராம் டாக்டர். இல்லை சார் என்றானாம் இவன். பொய் சொன்னது அவள், தலை குனிந்தது அவன். ஆச்சிக்கு நோய் வந்தபோதுகூட இப்படிச் செத்துவிடலாம் போல இருந்ததில்லை.

அதற்குப் பிறகு வெட்கப்பட அவளுக்கு நேரமும் கொடுக்கவில்லை. ஆயா பொன்னம்மா சோப்புத் தண்ணீரும் ரப்பர் குழாயுமாக வந்து நின்றாள். பொன்னம்மாவுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது.

"பதினாலு நாள்தானே? போன மாசம் ஒருத்தி இருபது நாள் வச்சிருந்தா. சேலையை விடுங்க ஆச்சி, நான் பார்க்காததா."

இரண்டு நாளில் நாலு தடவை எனிமா. முதல் மூன்றும் வேதனைதான். கல்லாக இருந்தது நாலாவது தடவை கரைந்து வந்தபோது வார்டு முழுக்க நாற்றம் எழுந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து சொக்கப்பன் மருந்துத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தான். மூக்கைப் பொத்தவில்லை, நடையை எட்டிப் போடவும் இல்லை, எல்லாக் கட்டிலுக்கும் மருந்து கொடுத்துவிட்டுப் போனான். ஆச்சி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பாதி சுகத்தில், பாதி அவமானத்தில்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, சொக்கப்பன் பசியாறு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்தான். ஆச்சி பதறி எழப் பார்த்தாள், முதுகு விடவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அவன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தான்.

"அத்தை" என்றான். தொண்டையைக் கனைத்தான். "இனிமே நானே கேக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

சொன்னானே தவிர, கேட்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், சன்னலைப் பார்த்தான். நெற்றியில் வேர்வை பொடித்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆச்சி அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. தான் மட்டும்தான் ஒளிந்துகொண்டிருந்ததாக இத்தனை நாளும் நினைத்திருந்தாளே, இவனும் அல்லவா ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான்! அவன் மெல்ல அடுப்படிப் பக்கம் திரும்பி, அன்னத்தைக் கூப்பிட வாயெடுத்தான்.

"அவளைக் கூப்பிடாதீங்க மாப்பிள்ளை" என்றாள் ஆச்சி. "நேத்துச் சாயங்காலம் போச்சு. இறுக்கமாத்தான் போச்சு. இன்னிக்கு எண்ணெய் ரெண்டு கரண்டி குடுங்க."

அவன் எழுதிக்கொண்டான். எழுதி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை.

"போன வருஷம் நீங்க தண்ணிக் குடத்தை இடது கையாலயே தூக்கிட்டிருந்தீங்க" என்றான், நோட்டைப் பார்த்தபடி. "கிணத்தடியில ரெண்டு மூணு தடவை பார்த்தேன். வலது பக்கம் ஏதோ நோவுன்னு தெரிஞ்சுது. எங்கன்னு அன்னத்தை விட்டு எப்படிக் கேக்கச் சொல்றதுன்னு தெரியல அத்தை. விட்டுட்டேன்."

ஆச்சி தலையிலிருந்த முந்தானையை இறக்கினாள்.

"எனக்கும் சொல்லத் தெரியல மாப்பிள்ளை" என்றாள். போன வருஷம் அந்தக் கட்டி சுண்டைக்காய் அளவுதான் இருந்தது.