நாற்பத்தேழு மில்லிமீட்டர்

"உங்கப்பா கனமா ஏதாவது தூக்குறாராம்மா? வேலையிலயோ வீட்டுலயோ?"

டாக்டர் என்னிடம்தான் கேட்டார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அப்பா கூட்டுறவுக் கிடங்கில் ஹேசல்நட் மூட்டைகளை அடுக்குகிறவர். மூட்டையைத் தூக்குவது வண்டி. அவர் உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளுகிறார், அவ்வளவுதான். டாக்டர் தொலைவிலுள்ள கலீசியாவிலிருந்து புதிதாக வந்தவர். எங்கள் ஊர்க்காரர் என்றால் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும். 'மஜி, இன்னும் நீதான் அடியில நிக்கிறியா?' என்று அப்பாவிடமே கேட்டிருப்பார். ஊரில் மனிதர்களைக் கனம் என்று யாரும் சொல்வதில்லை. தோளில் ஏறுகிறவர்களுக்குப் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அவர்களை எப்படி எடைக் கணக்கில் சேர்ப்பது?

அதனால் எனக்கு அந்த நிமிடத்தில், ஆள்மேல் ஆள் ஏறிக் கட்டும் திருவிழாக் கோபுரம் நினைவுக்கே வரவில்லை.

அப்பாவின் விடாத இருமலுக்காக எடுத்த ஸ்கேனில் கோளாறு தெரிந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி நாற்பது மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு நாற்பத்தேழு.

"பயந்துபோய்ப் படுத்துக் கிடக்காதீங்க" என்றார் டாக்டர். "நடங்க. சமதளத்துல சைக்கிள் ஓட்டுங்க. உடம்புக்கு அது நல்லதுதான். ஆனா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முக்குற எந்த வேலையும் கூடாது. நடக்கும்போது முழு வாக்கியமா பேச முடியணும். பேச்சு அறுந்து அறுந்து வந்தா, வேகம் அதிகம்னு அர்த்தம். மாத்திரையை விடக்கூடாது. தினமும் ரத்த அழுத்தம் பாத்து எழுதி வைங்க. நெஞ்சுலயோ முதுகுலயோ திடீர்னு கிழிக்கிற மாதிரி வலிச்சா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க. குடும்பத்துல வர்றது இது."

காரில் ஏறி வெகுதூரம் வந்த பிறகு அப்பா சிரித்தார்.

"முழு வாக்கியமாம். நம்ம ரெண்டு பேரையும் பாத்துச் சொல்றா பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்பா, கோபுரம்…"

"நான் எதையும் தூக்கல டெக்லா. அவங்க ஏறுறாங்க. நான் நிக்கிறேன்." கொஞ்சம் பொறுத்து, "யார்கிட்டயும் வாயைத் திறக்காத" என்றார். உடனே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள் நான். என்னிடம் போய் வாயைத் திறக்காதே என்கிறார்.

அக்டோபர் திருவிழாவுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது. மூன்று பேர் அகலம், எட்டு அடுக்கு. எங்கள் குழு அந்தக் கோபுரத்தைக் கடைசியாகக் கட்டி இறக்கிப் பதினோரு வருடமாகிறது. மூன்று அடித்தூண்களில் ஒருவர் அப்பா. சுற்றிலும் இருநூறு பேர் நெருக்கி அணைத்திருக்க, நடுவில் தலை குனிந்து நிற்பார். மேலே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஊதுகுழலின் ராகம் மாறுவதைக் கேட்டுத்தான் உச்சியில் குழந்தை கை உயர்த்திவிட்டதை அறிவார். அதுவரை பல்லைக் கடித்து, மூச்சைக் கட்டி நிற்க வேண்டும். அவர் தோளில் ஒருவர், அவர்மேல் இன்னொருவர் என்று முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும்.

தினமும் காலையில் நடந்தோம். ஹேசல்நட் தோப்புகளைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். வாக்கியம் பேசியாக வேண்டுமே. என்ன பேசுவதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை. முதல் நாள், "இது மரம். அதுவும் மரம். அதுக்குப் பின்னாடி இருக்கிறதும் மரம்தான்" என்றார். இரண்டாம் வாரத்தில் அம்மாவைப் பற்றிப் பேசினார். அம்மா எங்களை விட்டு லெய்தா நகருக்குப் போய் நான்கு வருடமாகிறது. "உங்கம்மா சொன்னா, உன் தோள்ல ஊரே ஏறி நிக்குது மஜி, எனக்குத்தான் இடமில்லைன்னு. நான் ஒரு பதில் சொல்லியிருக்கலாம்." மூச்சு வாங்காமல் சொன்னார். நானும் பேசினேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

என் நோட்டில் அவருடைய ரத்த அழுத்த எண்களை எழுதினேன். நடந்துவிட்டு வந்து ஓய்வெடுத்த பிறகு நூற்று இருபத்தாறு. கோபுரப் பயிற்சி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை நூற்று எழுபத்தெட்டு. அடுத்த வெள்ளி நூற்று எண்பத்து மூன்று. அதைக் காட்டினேன்.

"மிஷின் பழசு" என்றார்.

"போன வாரம்தானே வாங்கினோம்."

"அப்ப மலிவு."

"அப்பா, நீங்க நிக்கலைன்னா என்ன ஆயிடும்?"

"வேற ஆள் யாரு இருக்கா, சொல்லு? விசென்ஸுக்கு முட்டி போச்சு. அவன் தம்பி பார்சிலோனாவுல உக்காந்திருக்கான். பதினோரு வருஷமா காத்திருக்கோம்டி. இந்தக் குழுவுல நான் யாருன்னு கேட்டா, அடியில நிக்கிறவன்னு சொல்வாங்க. அது இல்லைன்னா நான் யாரு? மூட்டை வண்டி ஓட்டுறவன்."



மறுநாள் அவருக்குத் தெரியாமல் மருத்துவமனைக்குப் போனேன். பேச வரவில்லை. கைப்பேசியில் பழைய திருவிழா வீடியோவைப் போட்டு, கூட்டத்துக்கு நடுவில் தெரிந்த அப்பாவின் வழுக்கைத் தலையைக் காட்டினேன். டாக்டர் இரண்டு முறை பார்த்தார்.

"இவர் மேல எத்தனை பேர்?"

ஐந்து விரல் காட்டினேன்.

"கனம் தூக்குறதில்லைன்னு சொன்னீங்களே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். 'இல்ல' என்பதுதான் அன்று நான் சொன்ன ஒரே சொல். டாக்டர் என் அப்பாவை இரண்டு முறை கைப்பேசியில் கூப்பிட்டார். அப்பா எடுக்கவில்லை.

"நான் அவர்கிட்ட சொல்லலாம்" என்றார் கடைசியில். "கடிதம் அனுப்புறேன். ஆனா அவர் உடம்புல என்ன இருக்குன்னு குழுக்காரங்ககிட்ட நான் சொல்ல முடியாது. சட்டம் விடாது. நீங்க சொல்லலாம்."

நானா?

கடிதம் வந்தது. அப்பா அதைப் பிரிக்காமல் பிரெட் டப்பாவின் அடியில் வைத்தார். கோபுரத்துக்குக் கட்டும் அவருடைய இடுப்புக் கச்சையை நான் ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்துவிட்டார். அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'அவர் எப்போ யார் பேச்சைக் கேட்டார்?' என்று பதில் வந்தது. திருவிழாவன்று காலை மாத்திரை போட்டார், கையை நீட்டினார். நூற்று நாற்பத்தொன்பது. இன்னும் யாரும் தோளில் ஏறவில்லை.

சதுக்கத்தில் நிற்க இடமில்லை. கச்சை கட்டும் நேரம். பத்து மீட்டர் கறுப்புத் துணி. ஒரு முனையை நான் பிடித்து இழுத்து நிற்க வேண்டும். மறுமுனையை இடுப்பில் வைத்து அப்பா சுழன்று சுழன்று என்னை நோக்கி வருவார். எவ்வளவு இறுக்கமாக இழுக்கிறேனோ அவ்வளவு பலம். பள்ளியை விட்ட நாளிலிருந்து அது என் வேலை. எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

அப்பா முனையை இடுப்பில் வைத்தார். "இழு."

நான் இழுக்கவில்லை. துணி நடுவில் தொய்ந்து கல்தரையைத் தொட்டது.

"டெக்லா, இழுடி. இசித்ரே கூப்பிடுறான்."

குழுத்தலைவர் இசித்ரே மாமா வேகமாக வந்தார். அவர் மகள் புரூனா, எட்டு வயது, ஹெல்மெட்டோடு அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். உச்சியில் ஏறிக் கை உயர்த்தப் போகிறவள் அவள்தான்.

"என்ன மஜி, கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரமா? வாடா சீக்கிரம்!"

"இந்தப் புள்ள தூங்குது" என்றார் அப்பா. என்னைப் பார்த்த கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சினார். அப்பா கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

என் தொண்டை அடைத்துக்கொண்டது. வகுப்பறையில் அடைக்குமே, அதே போல. புரூனா தன் அப்பாவின் தோளுக்கு மேலிருந்து என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். அப்பாவின் உள்ளே ஏதோ கிழிந்தால் முதலில் மடங்குவது அவருடைய கால். பிறகு எல்லாரும். கடைசியாக, எட்டாவது அடுக்கிலிருந்து, இவள்.

ஒரே ஒரு முழு வாக்கியம். மூச்சு அறாமல் சொல்லிவிட வேண்டும்.

"எங்கப்பாவுக்கு நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கு, அவர் தோள்ல யாரும் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

பக்கத்தில் கச்சை கட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். என் குரல் எப்படி இருக்கும் என்று அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

"மஜி?" என்றார் இசித்ரே மாமா. "இவ என்ன சொல்றா?"

அப்பா தொய்ந்த துணியைக் கையில் சுருட்டத் தொடங்கினார்.

"டேய், உன்னைத்தான் கேக்குறேன். உண்மையா?"

"நாப்பத்தேழு மில்லிமீட்டர்" என்றார் அப்பா. "அவ்வளவுதான்டா. ஒண்ணுமில்ல. நிப்பேன். எப்பவும் நின்னேன்ல?"

இசித்ரே மாமா முதுகிலிருந்த புரூனாவை இறக்கித் தரையில் விட்டார்.

"என் புள்ளடா மேல இருக்கிறவ" என்றார். "நாலு வெள்ளிக்கிழமையா ஏத்தியிருக்கேன். உன் மேல. நீ தெரிஞ்சேதான் நின்னியா?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா அவரைத் தொடக் கையை நீட்டினார். இசித்ரே மாமா புரூனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி விலகினார். அந்த ஒரு அடியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எட்டு அடுக்கு அன்று எழவில்லை. ஏழு கட்டினார்கள். ஊதுகுழல் ராகம் மாறியபோது சதுக்கமே கத்தியது. நாங்கள் இருவரும் தேவாலயச் சுவரோரம் நின்றிருந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா ஒரு கோபுரம் எழுவதை வெளியில் நின்று பார்த்தார். கையில் துணி சுருண்டு கிடந்தது. ராகம் மாறியதும் பழக்கத்தில் அவர் தோள்கள் இரண்டும் தளர்ந்தன. பிறகு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை.

வீட்டில் அன்று அவர் நான் வைத்த பருப்புச் சூப்பைத் தொடவில்லை. 'உயிரோட இருக்கீங்களே அப்பா' என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லும் உரிமை இனி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நோட்டில் அன்றைய தேதியை மட்டும் எழுதி வைத்தேன்.

விடிந்ததும் நடக்கிற செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறையில் காத்திருந்தேன். அப்பா வந்தார். நின்றபடியே மாத்திரையை விழுங்கினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், கையை மேசைமேல் நீட்டினார். பட்டையைச் சுற்றினேன். மிஷின் முனகி ஓய்ந்தது. நூற்று முப்பத்தொன்று. எழுதினேன்.

அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். அவர் ஷூ கயிற்றைக் கட்டினார். ஆணியில் மாட்டியிருந்த என் மேல்சட்டையை எடுத்து, ஒரு நொடி கையில் வைத்திருந்து, திரும்ப மாட்டினார். பிறகு கதவைத் திறந்து, தோப்புப் பக்கம் தனியாக நடந்து போனார்.