கூடத்தை யாரும் அளக்கவில்லை

1

இந்தக் கதை ஒரு பழமொழியின் மீது எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ எத்தனை தலைமுறையாக இதைச் சொல்லிச் சிரிக்கிறோம்! ஒருவராவது மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூடத்தை அளந்து பார்த்தாரா? நிஜமாகவே கோணலாக இருந்திருந்தால் அந்தப் பெண் பாவமில்லையா?

கோபம் சும்மா வரவில்லை. அலுவலகத்தில் என் அடுத்த மேசைக்காரர், வீட்டில் புரொஜக்டர் மாட்டிய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். மறுநாளும் சொன்னார். அதற்கு அடுத்த நாள் நான் கேட்காமலேயே சொன்னார். எழுதித் தொலைத்தால்தான் நிம்மதியாகச் சாப்பிட முடியும் என்று உட்கார்ந்துவிட்டேன். அவரை இனி மாப்பிள்ளை என்றே சொல்கிறேன். தலை பாதி நரைத்துவிட்டதுதான். ஆனால் மாமனார் வீட்டோடு இருப்பவருக்கு அந்தப் பட்டம் லேசில் போகாது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘ஒளி என்பது இருளின் நெற்றியில்...’

[அடித்துவிட்டேன். இருளுக்கு எதற்கு நெற்றி?]

இரண்டாவது முயற்சி: ‘மாமனார் முன்னே நின்று கட்டிய வீட்டில் மாப்பிள்ளை தன் முதல் ஓட்டையைப் போட்டார்.’

[இது பரவாயில்லை. ஓட்டை கூரையில் என்பதை மட்டும் சேர்க்க வேண்டும்.]

அந்த வீட்டில் அவர் அதுவரை சொந்தமாக ஓர் ஆணிகூட அடித்ததில்லை. சட்டை மாட்ட ஒரு கொக்கி வேண்டுமென்றாலும் மாமனார் வந்து பக்கத்தில் நிற்பார். “எங்க அடிக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு, சுவருக்கு வலிப்பதைப்போல முகத்தைச் சுளிப்பார். அதற்குப் பயந்தே மாப்பிள்ளை சட்டையைக் கதவின் மேல் போட்டுப் பழகிவிட்டார்.

பின்னறையில் உடைந்த நாற்காலிகளும் பழைய மெத்தைகளும் கிடந்தன. கெஞ்சிக் கூத்தாடி அதைக் கேட்டு வாங்கினார். சுவருக்கு வெள்ளை அடித்தார், ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார். எதிர்ச்சுவரோரம் கிடந்த நீளப் பெஞ்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். சரி, அது படத்துக்குக் கீழேதானே என்று விட்டுவிட்டார். படம் பார்ப்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அந்த வீட்டில் ஓர் அறைக்காவது ‘மாப்பிள்ளை ரூம்’ என்று பேர் வர வேண்டும். அதுதான் ஆசை.

3

பின்சுவரிலிருந்து அளந்து, நூல் பிடித்து, குறி போட்டு, ஏணியில் ஏறிக் கூரையைத் துளைத்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். தாங்கியை முடுக்கி, புரொஜக்டரை மாட்டி, நேராக இருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்த்துவிட்டு வீட்டாரைக் கூப்பிட்டார். மாமனார், மாமியார், மனைவி மூவரும் பின்சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது, எதிர்ச்சுவரில் படம் விழுந்தது.

படத்தின் இடப்பக்கம் உயரமாகவும் வலப்பக்கம் குட்டையாகவும் இருந்தது. அதில் ஒருவர் இடமிருந்து வலமாக நடந்தார். புறப்படும்போது ஆஜானுபாகு, போய்ச் சேரும்போது பள்ளிக்கூடப் பையன்.*

“மாப்பிள்ளை, படம் ஏன் கோணிக்கிட்டுப் போகுது?”

“மாட்டினது நேராத்தான் இருக்கு மாமா.”

“அப்ப என் சுவரு கோணலா? நல்லாருக்கே! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

மனைவி சிரித்துவிட்டாள். மாமனார் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பார். இதைத்தான் மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை.

“இந்த வீட்ல ஒரு மூலை கோணல்னு காட்டுங்க, மீசையை எடுத்துடறேன்” என்றார் மாமனார்.

* சுவர் ஒரு பக்கம் முன்னே வந்திருந்தால் அந்தப் பக்கம் படம் சிறுக்கும். இது புரொஜக்டர் வாங்கியவர்களுக்கெல்லாம் தெரியும். வீடு கட்டியவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

4

[இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மாமியார் பெஞ்சை எடுக்க வேண்டாம் என்றார், வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பாத்திரத்தை நான் நம்புவதில்லை. ஒன்று எனக்குச் சோம்பல், அல்லது அந்த அம்மாள் எதையோ மறைக்கிறார்.]

மறைக்கத்தான் செய்தார். மூன்றாவது நாள் சாப்பாட்டின்போதுதான் மாப்பிள்ளை அதைச் சொன்னார்.

மாமனார் பகல் தூக்கத்தில் இருந்தபோது மாப்பிள்ளை சுவரை அளப்பதற்காகப் பெஞ்சை இழுத்திருக்கிறார். அடியில் தரைக்கல் வரிசை ஒரு முனையில் முழுக்கல்லாகத் தொடங்கி, போகப்போகத் தேய்ந்து, மறுமுனையில் விரல் அகலத்துக்கு வந்து நின்றது. சுவர் அவ்வளவு கோணல்! துள்ளிக் குதிக்கப் போனவர் திரும்பினால், வாசலில் மாமியார்.

“பாத்துட்டீங்களா?”

“அத்தை, உங்களுக்குத் தெரியுமா?”

“தினம் தரை துடைக்கிறவளுக்குத் தெரியாதா? இந்தச் சுவரு எழும்பினப்ப அவருக்கு நல்ல காய்ச்சல். படுங்கன்னா கேக்கல. போர்வையைப் போத்திக்கிட்டு வந்து நின்னு, நூலை நான்தான் பிடிப்பேன்னு பிடிச்சாரு. அப்புறம் தரைக்கல்லு ஒட்ட வந்தவரு கோணல்னு எங்கிட்ட சொன்னாரு. அவர் காதுல போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.” முந்தானையால் பெஞ்சைத் துடைத்தபடியே சொன்னார்: “அவருக்கு இந்த வீட்டை விட்டா வேற என்ன பெருமை இருக்கு மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை பெஞ்சைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

5

“சார், நீங்களே ஒரு முடிவு எழுதிக் குடுங்க. அதையே போய் செஞ்சிடறேன்” என்றார்.

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெருமை ஏது? வீட்டுக்கு ஓடிப்போய் எழுதி, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் படித்துக் காட்டினேன்.

முடிவு அ: புரொஜக்டரிலேயே கோணலைச் சரிக்கட்ட ஒரு வசதி உண்டு. சுவர் ஒரு பக்கம் கோணினால் படத்தை மறுபக்கம் கோணச் செய்து நேராகக் காட்டிவிடும். மாப்பிள்ளை சத்தமில்லாமல் ரிமோட்டை அமுக்குகிறார். படம் நேராகிறது. சுபம்.

“அப்ப என் கைதான் கோணல்னு ஆயிடும். ‘இப்பத்தான் ஒழுங்கா மாட்டியிருக்கீங்க’ம்பாரு. காலத்துக்கும் அதையே சொல்லுவாரு சார்.”

முடிவு ஆ: மாப்பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் பெஞ்சை இழுக்கிறார். உண்மை வெல்கிறது. மாமனார் கண்ணாடி முன் நின்று, சோப்பு நுரையைக் குழைத்து...

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே மனம் வரவில்லை.]

“வேணாம் சார். மீசையில்லாத அந்த மூஞ்சியை தினம் நான் இல்ல பாக்கணும்?”

முடிவு இ: லேசான நிலநடுக்கம். யாருக்கும் அடிபடவில்லை. சுவர் மட்டும் நகர்ந்து நேராகிவிடுகிறது.

இதைக் கேட்டதும் அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

6

பிறகு ஒரு நாள், “படம் பாக்க வாங்க சார்” என்று கூப்பிட்டார். சூதுவாது தெரியாமல் போனேன்.

மாமனார் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். மீசை முழு வீச்சில் இருந்தது. மாமியார் தேநீர் கொடுத்தார். படம் ஓடியது. அதே ஆள் இடமிருந்து வலமாக நடந்து அதே மாதிரி குள்ளமானார். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் கையைக் காட்ட, மாப்பிள்ளை படத்தை நிறுத்தினார்.

“சார், நீங்க வெளியாளு, விவரம் தெரிஞ்சவரு. நீங்க சொல்றதை ரெண்டு பேரும் ஒத்துக்கறதுன்னு பேசி வச்சிருக்கோம். கோணல் மாப்பிள்ளை கையிலயா, என் சுவத்துலயா?”

மாப்பிள்ளையைப் பார்த்தேன். முடிவு கேட்ட மனிதர் தன் கால் கட்டைவிரலை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற மாமியார் என்னைப் பார்த்து, தெரிந்தும் தெரியாமலும் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

“சும்மா சொல்லுங்க சார், யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்” என்றாள் மனைவி. நினைத்துக்கொள்ளப் போகிறவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். மேசையில் உட்கார்ந்து மூன்று முடிவு எழுதிய நான், அந்த நாற்காலியில் காலி டம்ளரிலிருந்து இன்னொரு வாய் தேநீர் குடித்தேன்.

அப்போது மாமனார் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“சார், பாத்துச் சொல்லுங்க. ஆசையா மாட்டியிருக்காரு. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது.”

[தன் சுவர் நேர் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னாரா? அல்லது எல்லாம் தெரிந்தே, பழி சுவர் மேல் விழட்டும் என்று எனக்கு அனுமதி கொடுத்தாரா? அவர் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.]

தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா...” என்று ஆரம்பித்தேன்.

[வாசகரே, என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது, யார் மனமும் நோகக் கூடாது. நாலு பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.]