சராசரி ஆடு

மச்சான் தன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று மாப்பிள்ளை மூன்று வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார். தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தைத் தங்கையிடம் ஒரே வாரத்தில் மறந்த மனிதர், மாப்பிள்ளையிடம் மட்டும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். பேசியே தீரவேண்டும் என்றால் கொட்டகையிலிருக்கும் பெரிய கிடாவைப் பார்த்துப் பேசுவார். அதற்குத் தலைவர் என்று பெயர்.

"தலைவரே, சாப்பாடு ஆறுது. பசிக்கிறவங்க போய்ச் சாப்பிடலாம்."

தலைவர் அசைபோடும். மாப்பிள்ளை போய்ச் சாப்பிடுவார்.

மாப்பிள்ளைக்கு வேலை, கண்ணுக்கே தெரியாத கருவிகளோடு. முடியைவிட மெல்லிய இரண்டு தகடுகள், நடுவில் துளியூண்டு இடைவெளி. மின்னழுத்தம் கொடுத்தால் மேல்தகடு மெல்லக் கீழே வளையும். இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு வரை நல்ல பிள்ளையாக இருக்கும். அதைத் தாண்டினால் பட்டென்று விழுந்து ஒட்டிக்கொள்ளும்; ஒட்டினால்தான் கருவி வேலை செய்யும். தாண்டுவதற்குள் மின்சாரத்தை எடுத்துவிட்டால், எதுவுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துவிடும். இதை அவர் விளக்க ஆரம்பித்தால் சொந்தக்காரர்களுக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும்.

இந்த முறை அவர் விடுப்பில் வந்த நேரம், மச்சானின் ஆடுகளுக்குக் குடற்புழு. இரண்டு செத்தே போயின. கால்நடை மருத்துவரான அவர் மனைவி ஒவ்வொரு ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பார்த்தாள். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. புழு அத்தனை ரத்தத்தையும் குடித்திருந்தது. எடைக்கு ஏற்ற அளவில் மருந்து புகட்டச் சொல்லிவிட்டு, எங்கோ ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்க்க ஓடினாள்.

அறுபது ஆடு. மச்சான் பிடிக்க, மாப்பிள்ளை புகட்டினார். துள்ளுகிற ஆட்டைத் தராசில் நிறுத்துவது சாதாரண வேலையா? பத்து ஆடுகளை நிறுத்தினார், இடுப்பு விட்டுப்போனது. பத்துக்கும் சராசரி எடுத்தார்: முப்பத்தெட்டே முக்கால் கிலோ. புகட்டும் குழாயை அந்த அளவுக்குத் திருகிவைத்து, அறுபதுக்கும் அதையே கொடுத்து முடித்தார். சராசரியிலும் தசம சுத்தம் பார்த்ததில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி.

பன்னிரண்டாம் நாள் மனைவி சாணத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"புழு முட்டை இன்னும் இருக்குண்ணா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, " நீங்க எடை பார்த்துதானே கொடுத்தீங்க?" என்று கணவரிடம் திரும்பினாள்.

"பார்த்தேன்" என்றார். பத்துக்குப் பார்த்தாரே, பொய் இல்லை.

"அப்ப புழு இந்த மருந்துக்குப் பழகிடுச்சு. இதை விட்டா ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. அதுவும் கேக்கலைன்னா கொட்டகையில ஆடு மிஞ்சாது."

மச்சான் தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "யாரையும் குத்தம் சொல்லக்கூடாது தலைவரே. பாவம், பாத்துப் பாத்துத்தான் கொடுத்தாரு."

மூன்று வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு.  மாப்பிள்ளை மனைவியின் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். சின்ன ஆடுகளின் எண்களுக்கு நேரே சுத்தம். முட்டை எல்லாம் பெருத்த ஆடுகளிடம். தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது.

வாயைத் திறக்காமல் இருந்தால் பழி மருந்தின் மேல் போய்விடும். மச்சானும் இன்னும் கொஞ்சம் இளகுவார். நல்ல மருந்தைக் கைவிட்டு ஆடுகள்தான் போகும். அவரால் முடியவில்லை.

"மருந்து மேல தப்பில்ல" என்றார். "பத்து ஆட்டை நிறுத்தி, சராசரி எடுத்து, எல்லாத்துக்கும் அதையே கொடுத்துட்டேன். பெரிய ஆட்டுக்கெல்லாம் பத்தல. புழு மயங்கிக் கிடந்துட்டு எழுந்து உக்காந்துடுச்சு."

மனைவி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள். "உங்க தகட்டுக்கெல்லாம் இப்படித்தான் சராசரி பார்த்தா கொடுப்பீங்க?"

"இல்ல. இருக்கறதுலயே முரட்டுத் தகடு எதுவோ, அதுவும் விழற அளவுக்குக் கொடுப்போம்."

 மச்சான் மெல்ல எழுந்து, கிடாவைத் தாண்டி, மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"ஏன் மாப்பிள்ளை, அறிவுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு? என் செருப்பையும் என் பேரன் செருப்பையும் சராசரி பார்த்து, ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல வாங்கிக் கொடுப்பீங்களா? தகடு முரடுன்னு தெரியுது, ஆடு பெருசுன்னு தெரியலையா? ரெண்டு ஜீவன் ஏற்கெனவே போயிருக்கு. நாளைக்குக் காலையில வாங்க. அறுபதையும் நீங்களே தூக்கி நிறுத்துங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். இடுப்பு ஒடிஞ்சாலும் விடமாட்டேன்."

மூன்று வருடப் பாக்கி, மூச்சு வாங்காமல் வந்துகொண்டிருந்தது. மனைவிக்குப் பொறுக்கவில்லை. "போதும்ணா, அவர்தான் ஒத்துக்கிட்டாரே" என்று குறுக்கே வந்தாள்.

மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். கண் கலங்கியிருந்தது, வாய் காதுவரை விரிந்திருந்தது.

"சும்மா இரு. உங்கண்ணன் என்கிட்ட பேசிட்டிருக்கார்."