கயிற்றுக்குள் ஆறு மிஷின்கள்

எங்கள் ஊர்ப் பொது மண்டபம் எந்த வேலைக்கும் முகம் சுளித்ததில்லை. முதலில் தானியக் கிடங்கு. எலிகள் கட்சி மாறாமல் ஆண்ட காலம். பிறகு சினிமா காட்டினார்கள். காய்ச்சல் பரவியபோது கட்டில் போட்டார்கள். கொஞ்ச நாள் பூப்பந்து. கடைசியாகத் தையல்கார அக்கா ஐந்து பெண்களோடு வந்து மிஷின் போட்டார். வீட்டில் போட்டால் மிஷினுக்கு இடமிருக்கும், ஆளுக்கு இருக்காது. மண்டபம் போனால் பிழைப்பும் போச்சு.

அப்போதுதான் நகரமன்றத் தலைவருக்கு வரலாற்று ஆர்வம் வந்தது. மண்டபத்தின் கதையைச் சொல்ல மண்டபத்திலேயே அருங்காட்சியகம் என்று தீர்மானம் போட்டார்கள். கதை இன்னும் நடந்துகொண்டிருப்பது இடைஞ்சலாக இருந்ததால் அக்காவைக் காலி செய்யச் சொன்னார்கள்.

"ஒரு மிஷினை மட்டும் விட்டுட்டுப் போங்கம்மா," என்றார் தலைவரின் உதவியாளர். "சுத்திக் கயிறு கட்டி வைப்போம். திறப்பு விழா அன்னைக்கு நீங்களும் வந்து தைக்கிற மாதிரி உக்காருங்க. பழைய காலம் தத்ரூபமா இருக்கும்."

"பழைய காலமா? நேத்துகூட தச்சேனே தம்பி."

"அதான்மா. நேத்து."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஒருத்தியா உக்காந்தா எடுபடாது. எல்லாரும் மிஷினோட வர்றோம்."

உதவியாளர் மகிழ்ந்துபோனார். அவருக்கு மகிழ்ச்சி எப்போதும் யோசனைக்கு முன்பே வந்துவிடும்.

விழாவில் தலைவர், "அழிந்துபோன உழைப்பின் நினைவாக..." என்று ஆரம்பித்தார். கயிற்றுக்குள் ஆறு மிஷின்களும் ஓடத் தொடங்கின. அவர் குரலை உயர்த்தினார். அவர்கள் மிதியை அழுத்தினார்கள். மைக் தோற்றது. வேடிக்கை பார்க்க வந்த லாரி டிரைவர் ஒருவர் கிழிந்த சட்டையைக் கழற்றி, "அக்கா, அப்படியே இதையும்" என்று நீட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகும் மிஷின்கள் நிற்கவில்லை.

"விழா முடிஞ்சிடுச்சும்மா. பூட்டணும்," என்றார் உதவியாளர்.

"பூட்டிக்கோ. காட்சிப் பொருள் வீட்டுக்குப் போகுமா தம்பி?"

தலைவரே வந்தார். "என்ன விளையாட்டு இது? போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்கண்ணே. நாலு பேரோட யூனிஃபார்ம் இங்கதான் கிடக்கு. வந்தா வாங்கிட்டுப் போகட்டும்."

தலைவர் கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்தார். ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கால் திரும்பிப் போனது. அதன் பின்னாலேயே தலைவரும் போனார்.

அக்கா டிரைவரின் சட்டையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தார்.

"இனிமே ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வாங்கடி. மிச்ச நாலு மிஷின் ஓடிக்கிட்டே இருக்கணும்."