நிப்பாட்டாத ரீவி

ஓட்டமாவடிப் பக்கம் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான். மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து ஏறுவார். பெற்றவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சாய்ப்புக்கு இறங்குவார்கள். றஸீனா கல்யாணம் முடித்தபோது அவளுடைய உம்மா உம்மு குல்தூம் அப்படித்தான் இறங்கிக் கொடுத்தாள். இப்போது றஸீனா தன் மகள் இர்ஷானாவுக்கு இறங்கிக் கொடுக்க வேண்டிய முறை வந்திருந்தது.

இறங்குவதில் அவளுக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. நெல் ஆலைக் களத்தில் காலமெல்லாம் வெயிலுக்குள் நின்று நெல் கிண்டிய உடம்பு, எந்த மூலையில் சாய்த்தாலும் தூங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வருகிறார்கள் என்பதுதான் அவளை அரித்தது. வீட்டில் இரண்டே அறை. நல்ல அறை வாவிப் பக்கத்து அறை. அதற்குள் ஒரு ரீவி ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் கரண்ட் இல்லாத காலத்தைத் தள்ளிவிட்டால், இர்ஷானா பிறப்பதற்கு முன்னிருந்தே அது ஓடிக்கொண்டிருந்தது.

றஸீனாவின் வாப்பா குவைத்தில் இருந்து கொண்டுவந்த சாமான் அது. ரீவியோடு ஒரு கறுத்தப் பெட்டி, அதில் சொருக ஒரு கேம் கசட், பிடித்து ஆட்ட ஒரு தடி. கசட்டோடு கம்பனிக்காரன் ஒரு போட்டித் தாளும் வைத்திருந்தான். இத்தனை புள்ளிக்கு மேல் எடுத்தவர், திரையில் புள்ளி தெரியும்படி படம் பிடித்து அனுப்பினால், பேர் தைத்த பெட்ஜ் ஒன்று தபாலில் வரும். இங்கிலீசு படித்த மூத்தவன் இப்றாஹிம் அதை வீட்டாருக்கு வாசித்துச் சொன்னான். ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்க வேண்டும், பிளாஷ் அடிக்கக் கூடாது, புள்ளியை ஒன்றும் மறைக்கக் கூடாது.

விளையாட்டு பெரிய விளையாட்டு அல்ல. திரையின் அடியில் ஒரு சின்ன வள்ளம். மேலிருந்து வெளிச்சக் கட்டிகள் விழும். வள்ளம் ஓடி ஓடி அவற்றை ஏந்த வேண்டும். இப்றாஹிம் நாள் முழுக்க ஏந்தினான். றஸீனா அப்போது சின்னப் பிள்ளை. அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பார்ப்பாள். அவனோ திரைக்கு முட்டுக் கொடுத்ததுபோல முன்னால் காலை மடித்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்திருப்பான். சுருட்டை முடி படர்ந்த தலை முழுத் திரையையும் மறைக்கும்.

"தலைய எடுங்க காக்கா, ஒண்டும் தெரியுதில்ல."

அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். தலையை மட்டும் இடது தோள் பக்கம் சரிப்பான். அந்தச் சரிவுக்குள்ளால்தான் அவள் அந்த வள்ளத்தைப் பார்த்தாள்.

ஒருநாள் பின்னேரம் புள்ளி வந்துவிட்டது. திரையில் வள்ளம் நின்றுவிட, மேலே ஐந்து இலக்கம் மினுங்கியது. கமெரா வாவிக்கு அக்கரையில் ஒரு கூட்டாளியிடம் இருந்தது.

"நான் வந்து படம் எடுக்குமட்டும் ஒருத்தரும் நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினா எல்லாம் அழிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத் தோணியை எடுத்தான்.

மறுநாள் தோணி வாவிக்கரைக் கண்ணாக் காட்டுக்குள் செருகிக் கிடந்தது. கமெராப் பை குறுக்குப் பலகையில் தொங்கியது, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். ஆள் இல்லை. வலை போட்டுப் பார்த்தார்கள், சுழியோடிப் பார்த்தார்கள். இல்லை.

சனம் துக்கத்துக்குப் பாய் விரிக்க வந்தது. மையித்து வீட்டில் ரீவி ஓடக் கூடாது, அதைப் போய் நிப்பாட்டு என்று ஒரு பெரியவர் சொன்னார். உம்மு குல்தூம் அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ரீவி ஓடுது. அப்ப இது மையித்து வீடில்ல. பாயைச் சுருட்டுங்க."

சுருட்டினார்கள். செத்தவர்களுக்கு ஓதுகிற யாசீன் ஒன்று இப்றாஹிமின் பேரில் ஓதப்படவில்லை, ஒரு கத்தம் கொடுக்கப்படவில்லை. வாப்பா அந்தக் கவலையோடே மவுத்தானார். பிறகு சண்டையில் ஊரே கலைந்து ஓடிய காலத்தில் தாயும் மகளும் பொலன்னறுவைப் பக்கம் போய்க் கிடந்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டில் கதவு இல்லை, கிணற்றுக் கயிறுகூட இல்லை. ரீவியும் பெட்டியும் மட்டும் அதே மேசையில் அதே இடத்தில் இருந்தன. கயிற்றைக்கூட விடாத கள்ளன் அவற்றை ஏன் விட்டான் என்று யாருக்கும் விளங்கவில்லை.

கரண்ட் வந்த அன்று உம்மா வயரைச் சொருகினாள். திரையில் அந்த ஐந்து இலக்கம் வந்து நின்றது. நிப்பாட்டினால் அழிந்துவிடும் என்று அவன் சொன்ன புள்ளி அழிந்திருக்கவில்லை. கூடியிருந்தது.

"விளையாடிக்கிட்டு இரிக்கான்" என்றாள் உம்மா. கதவு போட்டு, பூட்டி, சாவியை இடுப்பு முடிச்சில் சொருகிக்கொண்டாள்.

இப்போது உம்மு குல்தூம் சாய்ப்பில் படுத்த படுக்கை. அன்று காலையில் உம்மாவைக் குளிப்பாட்டும்போது றஸீனா அந்த முடிச்சை அவிழ்த்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ரீவி திருத்துகிற ஜிப்ரி பையோடு வந்து சேர்ந்தான். சாமானைக் கழற்றிக் கொண்டுபோய்விடச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் சேற்று மணம் வந்தது. திரை நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"அல்லாஹ், என்ன ராத்தா இது. இதக் கொண்டுபோய்க் மியூசியத்துக்குக் குடுத்தா, பழசு எண்டு என்னயும் சேத்துப் பிடிச்சு வெச்சிருவானுகள்" என்று சிரித்தான் ஜிப்ரி.

"பகிடிய விட்டுட்டுக் கழட்டுங்க தம்பி. உம்மா முழிக்க முன்ன முடிக்கணும்."

"புள்ளி அழியாம நிக்கி எண்டு சொன்னீங்களே, அது நடக்காத விசயம். இந்தக் காலத்துப் பெட்டிக்கு ஞாபகம் வெக்கிற சாமானே இல்ல. கரண்ட் போனா அண்டைக்குப் பொறந்த புள்ள மாதிரித்தான்."

"அப்ப அங்க நிக்கிறது என்ன?"

அவன் குனிந்து கறுத்தப் பெட்டியின் கரண்ட் வயரைக் கழற்றினான். பிறகு பெட்டியில் இருந்து ரீவிக்குப் போகிற வயரையும் கழற்றினான். நிமிர்ந்து பார்த்தான். இலக்கம் அசையவில்லை. கசட் சொருகும் வாய்க்குள் விரலை விட்டான். உள்ளே கசட் இல்லை.

அதற்குப் பிறகு ஜிப்ரி பகிடி பேசவில்லை. பெட்டியைக் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளிருந்து தண்ணீர் வழிந்து மேசைக் காலால் இறங்கியது. கையில் பட்டதை மோந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

"உப்பு" என்றான். "வாவித் தண்ணி."

கம்பிகளுக்கு நடுவே கூனி இறால் ஒன்று துள்ளியது. உயிரோடு.

ஜிப்ரி மூடியைத் திரும்ப வைத்தான். ஒரு ஆணியைக்கூட முடுக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டான்.

"ராத்தா, நான் ஏழை. எனக்கு மூணு புள்ள இரிக்கி. இத நான் தொட மாட்டன்."

"வெள்ளிக்கிழம அவங்க வாறாங்களே தம்பி. இதப் பாத்தா புள்ளட கல்யாணம் நிண்டு போயிரும்."

அவன் வாசல் வரைக்கும் போய், அங்கே நின்று கேட்டான். "உங்கட காக்கா கடைசியாச் சொன்னது என்ன? நிப்பாட்டவே வேணாம் எண்டா?"

"படம் எடுக்குமட்டும் நிப்பாட்ட வேணாம் எண்டு."

"இவ்வளவு காலத்தில ஆராவது எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. இப்றாஹிம் வந்து எடுப்பான் என்று உம்மா இருந்தாள். எடுத்துவிட்டால் அவன் வருவதற்கு வேலை இல்லாமல் போய்விடும் என்றும் இருந்தாள். றஸீனா இல்லை என்று தலையாட்டினாள்.

"கம்பனி எப்பவோ மூடி அழிஞ்சி போச்சு, அது வேற கத" என்றான் ஜிப்ரி. "கேட்டது படம்தானே. எடுங்க. நான் றோட்டில நிக்கன்."

றஸீனா தனியே நின்றாள். சின்ன வயதில் கேட்ட நிபந்தனைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஜன்னல் இரண்டையும் சாத்தினாள். வெளியே வெயில் கொளுத்திய பின்னேரம் உள்ளே இருட்டாகிப் போனது. போனில் பிளாஷை நிப்பாட்டினாள். திரைக்கு நேரே, பழைய காலத்தில் தான் குந்தும் இடத்தில் நின்று படத்தை எடுத்தாள்.

படத்தில் நீல வெளிச்சம் இருந்தது, வள்ளம் இருந்தது. புள்ளி இருந்த இடத்தில் உருண்டையாக ஒரு கறுப்பு. விரல் பட்டிருக்கும் என்று நினைத்து, விரலைத் தள்ளிப் பிடித்து இன்னொன்று எடுத்தாள். அதே கறுப்பு. ஒரு எட்டு வலப்பக்கம் நகர்ந்து எடுத்தாள். கறுப்பு இப்போது சற்று இடப்பக்கம் விலகியிருந்தது, நடுவில் இருக்கிற ஒரு பொருள் விலகுவதுபோல. திரையிலோ வெறும் கண்ணுக்கு இலக்கம் ஐந்தும் பளிச்சென்று தெரிந்தன.

படத்தை விரலால் பெரிதாக்கினாள். கறுப்பின் ஓரம் வட்டமாக இல்லை. சுருள் சுருளாக இருந்தது. ஒவ்வொரு சுருளின் நுனியிலும் ஒரு துளி தொங்கி, நீல வெளிச்சத்தில் மினுங்கியது.

தனக்கும் ரீவிக்கும் நடுவில் கிடந்த வெறும் சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"தலைய எடுங்க காக்கா" என்றாள். "ஒண்டும் தெரியுதில்ல."

போனைத் தூக்கினாள். போனின் திரைக்குள் அந்தக் கறுப்பு மெதுவாக இடது தோள் பக்கம் சரிந்தது. ஐந்து இலக்கமும் வெளியே வந்தன. எடுத்தாள்.

எடுத்ததும் ரீவி அணைந்தது. யாரும் தொடவில்லை. திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு சுருங்கிச் சுருங்கி நின்று, பிறகு அதுவும் போனது. அந்த வீட்டுக்கு எப்போதும் இருந்த இரைச்சல் ஒன்று இல்லாமல் போனதை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

சாய்ப்பில் உம்மு குல்தூம் முழித்தபடி கிடந்தாள். இர்ஷானா தலைமாட்டில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் நிண்டிரிச்சி" என்றாள் கிழவி.

"ஓம் உம்மா."

"சாவி எடுத்த நேரமே எனக்குத் தெரியும். படம் எடுத்தாச்சா?"

றஸீனா பக்கத்தில் இருந்து போனை உம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஐந்து இலக்கமும் துலக்கமாக இருந்தன, கம்பனிக்காரன் கேட்டபடி. உம்மு குல்தூம் ஒரு கணம் பார்த்துவிட்டு, போனைப் புறங்கையால் தள்ளினாள்.

"இலக்கம் எனக்கு எதுக்கு. மறைச்ச படத்தக் காட்டு."

அப்படிப் படம் இருக்கிறது என்று றஸீனா யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. படத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினாள். உம்மா அந்தக் கறுப்பின் ஓரத்தில் விரலை வைத்து, சுருள் போன வழியெல்லாம் கொண்டுபோனாள்.

"முடி வெட்டவே இல்ல" என்றாள்.

பிறகு முக்காட்டை இழுத்துத் தலையை மூடினாள்.

"லெப்பைக்கு ஆள் அனுப்பு. வெள்ளிக்கிழமைக்கு முன்ன அவன்ட பேரில யாசீன் ஓதி முடிக்கணும். அதுக்கு மறுகா புள்ளட அறையத் துப்பரவாக்குங்க."

றஸீனா பரணில் இருந்து பாயை இறக்கிக்கொண்டு வாவிப் பக்கத்து அறைக்குப் போனாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெயில் தரையில் விழுந்தது. ரீவிக்கு முன்னால், ஒருவர் சப்பாணி கட்டியிருந்த அளவுக்குச் சீமெந்து நனைந்திருந்தது. அவள் பாயை விரித்தாள். அந்த இடத்தை மட்டும் விட்டு விரித்தாள்.